இரண்டு கேபிள், ஒரே பாலம்

கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும். சூடு தாங்காமல்தான் தள்ளினாரோ என்னவோ. இல்லை, விரலை விட்டுப் பார்த்தேனே, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அப்போதும் அப்பா இடது கையால் கிண்ணத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வலது கை மடியில் கிடக்கிறது, பக்கவாதம் வந்ததிலிருந்து அது அப்படித்தான், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல அவரே அதைப் பார்க்கிறார். பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, செம்பா என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. செம்பா என்றால் செண்பகவல்லி, என் தங்கை, பள்ளிக்கூட டீச்சர். எனக்கென்று ஒரு சொல் அவரிடம் மிஞ்சவில்லை, மிஞ்சும்படி நான் எதுவும் செய்ததாகவும் தெரியவில்லை. செண்பகம் இந்நேரம் ஜங்ஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில் பச்சை கவுன் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். போன வருஷமே எடுத்திருக்க வேண்டியது. இரண்டு தடவை அட்மிட் ஆகி, இரண்டு தடவையும் அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று போன் போனதும் படுக்கையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். என் மனைவி கோமதி அதைச் சொன்னபோது, பிடிவாதக்காரி என்றேன் நான், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. ரத்தம் போய்ப் போய் உடம்பில் ஒன்றுமில்லை, இனித் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதால்தான் இந்தத் தடவை சென்னையிலிருந்து நான் வந்தேன். ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போகும் முன் போன் பண்ணுவாள். அப்பா சாப்பிட்டு, வலிப்பு மாத்திரையும் உள்ளே போயிருந்தால் அவளும் உள்ளே போவாள். வெறும் வயிற்றில் மாத்திரை நிற்காது, வாந்தியில் வந்துவிடும். மாத்திரை தவறினால் வலிப்பு. அவர் சாப்பிடவில்லை என்றால் அவள் எழுந்து வருவாள். அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு என் தொழில். ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, புள்ளிகளுக்கு நடுவே எங்கே கேபிள் போட வேண்டும், எங்கே போட வேண்டாம் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போடுவேன். எல்லா இடத்திலும் போட்டுவிட்டால் ஒரு பயமும் இல்லை, ஆனால் கம்பெனி மூழ்கிவிடும். குறைவாகப் போட்டால் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டும்போது ஒரு ஜில்லாவே ஊமையாகிவிடும். அதனால் நிபந்தனை எழுதுவோம்: எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் குறைந்தது இரண்டு வழி வேண்டும், எந்தக் கேபிள் அறுந்தாலும், எந்த நிலையம் படுத்தாலும், மற்றது தாங்க வேண்டும். இந்த நிபந்தனைக்கெல்லாம் உட்பட்டு எது மிகக் குறைந்த செலவு என்று கண்டுபிடி. கம்ப்யூட்டர் இரவு பகலாகத் தேடும், கோடிக்கணக்கான வரைபடங்களை எடுத்துப் பார்த்துத் தூக்கிப் போடும், கடைசியில் ஒன்றை நீட்டும். ஆபீசில் என்னைப் பாலத்துக்காரர் என்பார்கள். கிண்டல்தான், ஆனாலும் அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு தடவை, வரைபடத்தில் அழகாகப் பிரிந்து போன இரண்டு கேபிள்கள், ஒன்று வடக்காக, ஒன்று தெற்காக, கணக்கு சரி, நிபந்தனை சரி, எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார். நான் மட்டும் இரண்டும் ஆற்றை எங்கே தாண்டுகின்றன என்று கேட்டேன். போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே பாலத்தின் அடியில், ஒரே குழாயில், தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. வெள்ளம் வந்து பாலம் போனால் இரண்டும் போகும். காகிதத்தில் இரண்டு, தரையில் ஒன்று. அன்றிலிருந்து யார் எந்த டிசைனைக் கொண்டுவந்தாலும் என் கேள்வி அதுதான், ரெண்டும் ஒரே பாலமா? புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்வேன். நன்றாகவே சொல்வேன். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி. சே.

அப்பா, ஒரு வாய். ஒரே ஒரு வாய். ஸ்பூனை நீட்டினால் உதடு இறுகுகிறது. என்னை ஒரு பார்வை பார்க்கிறார், கோபம் இல்லை, யாருப்பா நீ என்ற பார்வையும் இல்லை, எதையோ நான் செய்வேன் என்று காத்திருக்கிற மாதிரி. நான் செய்யவில்லை. மறுபடி கிண்ணத்தை என் பக்கம் தள்ளுகிறார். சரி, வேண்டாம். எனக்குத்தான் மூன்று வழி இருந்ததே. போன வாரம் செண்பகத்திடம் போனில் அதைத்தான் சொன்னேன், நீ ஒண்ணும் யோசிக்காத, அப்பாவுக்கு மூணு வழி வச்சிருக்கேன், ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். அவள் சரி என்றாள். முதல் வழி பேச்சியம்மாள், காலையில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டி உடை மாற்றி சாப்பாடு கொடுக்கிறவள், வருஷக்கணக்காக வருகிறவள், ஒரு நாள் தவறியதில்லை என்று கேள்வி. இன்றைக்கு வரவில்லை. போன் பண்ணினால், நான் எப்படி சார் வர, டீச்சர்தான டெய்லி வண்டியில வந்து கூட்டிட்டுப் போவாங்க, எங்க பக்கம் காலையில பஸ் ஏது என்கிறாள். தினமும் விடியும் முன்னால் செண்பகம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வருகிறாளாம். எனக்குத் தெரியாது. இரண்டாவது வழி பக்கத்து வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டேன், அந்த அம்மா வந்தாள், நல்ல மனுஷிதான், அவள் பையனுக்கு செண்பகம் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அதனால் வந்தது அந்த நல்ல மனசு. செண்பகம் பக்கத்துல நிப்பா, அவ சொல்லச் சொல்ல நான் பிடிப்பேன் சார், நான் மட்டும் வந்தா தாத்தா தொடவே விட மாட்டாரு என்று சொல்லிவிட்டு வருத்தத்தோடு நின்றாள். மூன்றாவது வழியைத்தான் நான் மலைபோல் நம்பினேன். வீட்டுக்கே நர்ஸ் அனுப்புகிற கம்பெனி, சென்னையிலிருந்தே நான் பதிவு செய்தது, ஆப் இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் வரும். அழுத்தினேன். உறுதி செய்ய ஓடிபி எண்ணைப் போடு என்றது. ஓடிபி யாருடைய போனுக்குப் போகும்? பதிவு செய்த அன்றைக்கு, அவள்தானே ஊரில் இருக்கிறாள் என்று செண்பகத்தின் நம்பரைக் கொடுத்தவன் நான்தான். அந்த எண் இப்போது ஆஸ்பத்திரிப் படுக்கையில், தலையணைக்கு அடியில், டிங் என்று போய் இறங்கியிருக்கும். அவள் பார்த்திருப்பாள். பார்த்ததும் புரிந்திருக்கும், அண்ணன் மூன்றாவது வழிக்கு வந்துவிட்டான் என்று. போன் பண்ணி எண்ணைக் கேட்டால், அப்பா சாப்பிடவில்லை என்று எழுந்தே வந்துவிடுவாள்.

ஸ்கூட்டரும் அவள், சுவரும் அவள், ஓடிபியும் அவள். ஒரே பாலம். ஊர் ஊராகப் போய் ஆற்றைப் பார்த்தவன் சொந்த வீட்டுக்குள் பார்க்கவில்லை. முகம் சுடுகிறது, உட்கார்ந்திருப்பது நானும் பேச முடியாத ஒரு மனிதரும் மட்டும், யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் முகம் சுடுகிறது. இது மறதி என்றால்கூடப் பரவாயில்லை. மறதி இல்லை. கணக்கை நான் எழுதின விதம் அது. எதைக் குறை என்று சொன்னேன்? என் லீவைக் குறை, என் பிரயாணத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமை போன் பேசும் நேரத்தைக் குறை. எதற்கு உட்பட்டு? அப்பா சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும், விழக் கூடாது. ஆபீசில் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு எல்லை எழுதுவோம், இதற்கு மேல் இது தாங்காது என்று. எழுதாமல் விட்டால் கம்ப்யூட்டருக்குக் கொண்டாட்டம், இருக்கிற பாரத்தையெல்லாம் அந்த ஒன்றின் தலையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, இதோ மிகக் குறைந்த செலவு என்று சிரித்துக்கொண்டு நிற்கும். செண்பகத்துக்கு அந்த ஒரு வரியை நான் எழுதவே இல்லை. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகுட்டி இல்லை, பள்ளிக்கூடம் விட்டால் வீடு, அவளுக்கென்ன, சும்மாதானே இருக்கிறாள். கோமதி சொன்னதா இது? இல்லை, பழியை அவள் மேல் போடாதே, சொன்னது நீ. சும்மா இருப்பதைப் பற்றி இதே அப்பா என்ன சொல்வார்? டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எல்லா பஸ்ஸும் ஓடும்போது ஒரு பஸ் மட்டும் ஓரமாகச் சும்மா நிற்கும். புதிதாக வந்த மேனேஜர் ஏன் இது நிற்கிறது, ரூட்டில் விடு என்று குதித்தாராம். வழியில ஒண்ணு படுத்துட்டா ஜனம் ரோட்டுல நிக்குமே சார், அது சும்மா நிக்கல, அதுதான் அதோட வேலை என்று அப்பா சாவியைக் கொடுக்கவே இல்லை. நாங்கள் இதற்கு உபரித் திறன் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம். அந்த உபரி பஸ்ஸை நான் காலை மாலை இரண்டு ட்ரிப்பும் ஓட்டிவிட்டேன், என்ஜினில் ரத்தம் கசிகிறது என்று கோமதி வந்து சொன்னபோது பிடிவாதக்காரி என்றேன். கர்ப்பப்பை என்ற சொல்லை செண்பகம் என்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் எப்படிச் சொல்வாள், சின்ன ஆப்பரேஷன்ணே என்றாள். சின்னதுதானே என்று நானும் வசதியாக எடுத்துக்கொண்டேன். இன்று ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், திரும்பிப் போக. வருவதற்கு டிக்கெட் எடுத்தபோதே போவதற்கும் எடுத்தாயிற்று. சாயங்காலம் அவள் கண் விழித்ததும் ஒரு எட்டு பார்த்துவிட்டு, ஆபீசில் அவசரம் என்று சொல்லிக் கிளம்பிவிடலாம் என்று. யாரிடமும் சொல்லவில்லை. கோமதியிடம்கூட.

போன் அடிக்கப் போகிறது. இப்போது அடிக்கும். அடித்தால் என்ன சொல்வது? சாப்பிட்டார் என்று சொல்லிவிடலாம். நல்ல பொய்தானே, அவள் உயிருக்காகச் சொல்கிற பொய், அவள் உள்ளே போவாள், டாக்டர் அறுப்பார், தைப்பார், நான் இங்கே மாத்திரையைப் பொடி பண்ணித் தண்ணீரில் கலந்து எப்படியாவது. எப்படியாவது என்றால் எப்படி? வாயைத் திறக்காதவருக்கு? மூக்கைப் பிடித்தா? அப்பாவின் மூக்கையா? வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, வேறென்ன, செண்பகம் சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகச் சொல்வாள், நான் ம்ம், ம்ம் என்று ஸ்கிரீனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பேன். என் ம்ம் அவளுக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் எந்தப் பிள்ளை கவனிக்கவில்லை என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்கிறவளுக்கு என் ம்ம் தெரியாதா. அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பாருங்கள், அவளுக்காக. செம்பாவுக்காக. அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது, பெயரைக் கேட்டதும் அவர் தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. செம்பா, என்கிறார். இல்லப்பா, அவ வர மாட்டா, வரக் கூடாது. செம்பா. கிண்ணத்தை என் பக்கம் தள்ளுகிறார். நான் அவர் பக்கம் தள்ளுகிறேன். அவர் மறுபடி தள்ளுகிறார், கஞ்சி தளும்பி என் வேட்டியில். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடித்துவிடுவேனோ என்று ஒரு கணம் கை பயந்தது, என் கை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். செண்பகத்துக்கு இப்படித் தோன்றியிருக்குமா, எத்தனை காலையில் தோன்றியிருக்கும், அவள் யாரிடம் சொன்னாள்?

கேட் சத்தம். வெள்ளைச் சேலையில் நீலக் கரை, தோளில் பெரிய பை, சிரித்த முகம். செண்பகத்தோடு அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பியூலா டீச்சராம். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், அப்படியே மாமாவை எட்டிப் பார்க்கலாம் என்று, என்கிறாள். பள்ளிக்கூட நாளில், காலை நேரத்தில், இந்தப் பக்கம் என்ன வேலை. கேட்கவில்லை. என் வேட்டியில் கஞ்சியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், எதையும் பார்க்காததுபோல் நேரே அடுக்களைக்குள் போனாள், தட்டு எங்கே என்று கேட்காமலே. இன்னொரு கிண்ணத்தோடு வந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கஞ்சி, ஒரு துண்டு நார்த்தங்காய். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பிடுவமா மாமா என்று சொல்லித் தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தாள். அவ்வளவுதான். அப்பா வாயைத் திறந்தார். அவள் ஒரு வாய், அவர் ஒரு வாய். அவள் நார்த்தங்காயைக் கடித்து முகத்தைச் சுளித்தபோது அப்பா சிரித்தார், பாதி முகத்தில். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தள்ளவில்லை அவர். என்னை வேண்டாம் என்று தள்ளவில்லை. நீயும் குடி என்றுதான் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி நகர்த்திக் காட்டியிருக்கிறார், ரயிலில் வந்த பையன், விடிந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா தனியா சாப்பிட மாட்டார்ணே, கூட ஒரு ஆள் சாப்பிடணும், எனக்குப் பசிக்காட்டாலும் ஒரு வாய் குடிப்பேன். செண்பகம் சொல்லியிருக்கிறாள். என்றைக்கோ, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. ம்ம் என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, இந்த வீட்டு சிமென்ட் தரை எங்கே பிளக்கப் போகிறது, நின்றுகொண்டே இருந்தேன்.

மாத்திரையும் உள்ளே போனது. போன் அடித்தது. செண்பகத்தின் குரல் சின்னதாக, எங்கோ ஒரு கூடத்தின் கோடியிலிருந்து பேசுவதுபோல் வந்தது.

"அண்ணே, அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா. மாத்திரையும் போட்டாச்சு." பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பின்னால் ஏதோ ட்ராலி உருளும் சத்தம்.

"யாருண்ணே குடுத்தா?"

நான் என்று சொல்ல வாய் வந்தது. உண்மையாகவே வந்தது, நாக்கு நுனிவரை. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பியூலா டீச்சர்."

"அப்படியா, வந்துட்டாளா. சரிண்ணே. சரி." அந்தக் கடைசி 'சரி'யோடு அவள் ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவு நீளமான மூச்சு. என் மூன்று வழிகளுக்கும் அவள் ஒரு சரி சொன்னாளே போன வாரம், அதில் இந்த மூச்சு இல்லை. அது வேறு சரி. உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றாள். வைத்துவிட்டாள். என்னால் முடியவில்லை செண்பகம் என்று சொல்ல நினைத்தேன், நீ பயப்படாதே என்று சொல்ல நினைத்தேன், மன்னித்துக்கொள் என்று சொல்லலாமா, அண்ணன் தங்கையிடம் அப்படி யார் சொல்கிறார்கள், போன் இருட்டாகிக் கையில் கிடந்தது.

பியூலா டீச்சர் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தான் கொண்டுவந்த பையை மூலையில் வைத்தாள். பை வாயில் ஒரு போர்வை தெரிந்தது, ஒரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும். இந்தப் பக்கம் வேலையாக வந்தவள் பிரஷ் கொண்டு வர மாட்டாள். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், குரலில் ஒரு குத்தலும் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல்.

"அண்ணன் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பணும்னா நிம்மதியாக் கிளம்புங்க. செண்பகம் போன வாரமே சொல்லிட்டா, எங்க அண்ணன் வந்த அன்னைக்கே திரும்பிருவாங்க, நீ வந்து தங்கிக்கிடுன்னு. நான் மாமாவப் பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கே. டிக்கெட்டைப் பற்றி நான் யாரிடம் சொன்னேன்? யாரிடமும் இல்லை. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கணக்கில் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு எண் எழுதுவோம், இது அறுந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று, பழைய சரித்திரத்தைப் பார்த்து எழுதுகிற எண். என் சரித்திரத்தைப் பார்த்து அவள் எழுதிவிட்டாள். எழுதி, ஒரு சண்டை போடாமல், ஒரு சொல் சொல்லாமல், என் முகத்துக்கு நேரே சரிண்ணே என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் எனக்கு மாற்றாக ஒரு வழி போட்டு வைத்திருக்கிறாள். அவள் வழியாகவும் போகாத, என் வழியாகவும் போகாத வழி. ஸ்கூட்டர் வேண்டாம், ஓடிபி வேண்டாம், தனிப் பாலம். எந்த வகுப்பில் படித்தாள் இதை. படிக்க வேண்டியதில்லை, என்னைப்போல் ஒரு அண்ணன் இருந்தால் போதும். ஒரு வழியாக, இல்ல டீச்சர், நான் போகல, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுறேன், செண்பகம் எழுந்து நடமாடுற வரைக்கும் இங்கதான் இருப்பேன் என்றேன். சொல்லும்போதே போனை எடுத்து அழுத்தினேன், அழுத்தியும் விட்டேன், ஸ்கிரீனைத் திருப்பி அவளிடம் காட்டக்கூடக் காட்டினேன், ஹோம்வொர்க்கைக் காட்டுவதுபோல். அவள் பார்த்தாள். தலையை ஆட்டினாள், சந்தோஷமாகத்தான். பிறகு பையைத் திறந்து போர்வையை எடுத்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக மடித்து வைத்தாள்.

"இருங்கண்ணே, நல்லதுதான். நானும் இருக்கேன்."

அப்பா ஜன்னலைவிட்டுத் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய் மிச்சமிருந்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தேன். போர்வை அங்கேயேதான் இருந்தது. பியூலா அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. இந்த டிசைன் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அந்த இரண்டாவது வழியை அப்படியேதான் வைத்திருப்பேன்.